கீழிருந்து எண்ணிய மாடி

1

கண்டியில் எங்கள் வாடகை வீட்டின் சொந்தக்காரரை ஹாஜியார் என்றே அழைப்போம்; அவர் வாயில் 'இருந்து' என்பது 'ஈந்து' என்று வரும். அம்பிட்டியப் பகுதியில் மேல் வீடு அவருடையது, கீழ் வீடு எங்களுக்கு. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் காலை பத்தரைக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட இறங்கி வருவார். பதினோரு பொங்கல்களுக்கும் அவர் வந்த நேரத்தை என் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். கடந்த ஆண்டு பொங்கல் செவ்வாய்க்கிழமை. அன்று ஒன்பது இருபதுக்கே வந்துவிட்டார். என் மனைவி பாக்கியம் இன்னும் பானையை இறக்கவில்லை.

கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "மகள் கட்டார்ல ஈந்து வாறா, புள்ளைகளோட. இனித் திரும்பிப் போறல்லயாம். ஒங்களுக்கு எப்பிடிச் சொல்றதெண்டு ஒரு கெழமையா எனக்கு நித்திரை இல்ல."

வீடு வேண்டும் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. பாக்கியம்தான் எடுத்துக் கொடுத்தாள். "அதுக்கென்னங்க, மகளுக்கு இல்லாத வீடா?"

"அவசரமில்ல. ஒரு வருஷம் வேணுமெண்டாலும் எடுத்துக்கொள்ளுங்க. நீங்க மட்டும் இந்த நாட்டு ஆக்களா ஈந்தா, பக்கத்துக் காணியையே ஒங்களுக்குத் தந்தீப்பேன்."

நான் கோவில்பட்டிக்காரன். தேயிலைத் தொழிற்சாலைகளில் உலர்த்தும் இயந்திரங்கள் பொருத்தும் வேலைக்காக இங்கே வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வதிவிட விசா ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. வெளிநாட்டவர் இங்கே காணி வாங்க முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கலாம், ஆனால் அது நான்காம் மாடியிலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். விலை முழுவதும் வெளிநாட்டிலிருந்து முன்கூட்டியே வந்து சேர வேண்டும். சட்டத்தை நான் இரண்டு முறை படித்தேன். அதன்படி, எனக்கு மண் கிடையாது. நான்கு மாடி உயரத்துக்கு மேல் உள்ள காற்று மட்டும் கிடைக்கும்.

பாக்கியத்துக்கும் அதே சட்டம்தான். அவள் பிறந்தது இங்கிருந்து இரண்டு மணி நேரத் தூரத்திலுள்ள நாவலப்பிட்டியில் என்பதைச் சட்டம் கேட்பதில்லை.

2

எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கிருந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இந்தியா, இலங்கை என்று இரண்டு நாடுகளுக்கும் பிரிக்கப்பட்ட கதை ஊரில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கும். பாக்கியத்தின் அப்பாவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு கிடைத்தது. ஒன்பது வயதுப் பாக்கியத்தின் பெயர் அதில் இருந்தது. பதினெட்டு வயது அக்கா லெட்சுமிக்கு அதற்கு முன்பே கல்யாணமாகிவிட்டது. மாப்பிள்ளை இலங்கைப் பிரஜை, அதனால் அவள் பெயர் அதில் இல்லை. நாவலப்பிட்டி ஸ்டேஷனில் ஒருத்தி ரயிலுக்குள்ளே இருந்தாள், ஒருத்தி வெளியே நின்றாள்.

அதன் பிறகு முப்பத்தோரு ஆண்டுகள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. எங்கள் ஊர் நூற்பாலைக் குடியிருப்பில் வளர்ந்து, என்னைக் கட்டி, என் வேலையைச் சாக்காக வைத்துத்தான் பாக்கியம் கண்டிக்கு வந்தாள். நான் இங்கே வேலைக்கு விண்ணப்பித்ததே அவள் விளம்பரத்தை வெட்டி என் சட்டைப் பையில் வைத்ததால்தான்.

அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை என்றால் மதினி வருவார். லெட்சுமியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். நாவலப்பிட்டியில் முதல் பஸ் ஏறி, ஒரு பை நிறைய மரக்கறியோடு எட்டே முக்காலுக்கு வாசலில் நிற்பார். எழுபத்தோரு வயது, கொழுந்து பறித்த கால். மேட்டில் ஏறும்போதும் பேச்சை நிறுத்தமாட்டார். பாக்கியத்துக்கு அறுபத்திரண்டு வயது, வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. எங்கள் வாசலின் ஏழு படிகளை இறங்க அவளுக்கு ஒரு நிமிடம் ஆகும்.

பொங்கல் முடிந்து இரண்டாம் ஞாயிறு, ஜனவரி 26. மதினி விஷயத்தைக் கேட்டதும் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க? எங்க ஊர்லயே ஒரு வீடு பாருங்க. மண்ணோட, கெணத்தோட. எம் பேர்ல எழுதுங்க. நான் என்ன தூக்கிட்டா போகப்போறேன்?"

எனக்கு அது நியாயமான வழியாகப்பட்டது. இங்கே பலர் அப்படிச் செய்கிறார்கள். நான் தலையாட்டினேன். பாக்கியம் ஆட்டவில்லை.

"வேணாம்க்கா."

"ஏன்? என்னை நம்ப மாட்டியா? எம் மவன் புடுங்கிக்குவான்னு பயமா?"

"அது இல்லக்கா. எம் பேரு இருக்கணும்."

"பேருல என்னடி இருக்கு!"

"அன்னைக்கு அப்பா பாஸ்போட்டுல எம் பேரு இருந்துச்சு, உம் பேரு இல்ல. அவ்வளவுதானே வித்தியாசம்? அதுக்குத்தானே என்னை ஏத்திவிட்டீங்க? இந்த ஊர்ல ஒரு தாள்ல எம் பேரு இருக்கணும். ஒரு வீடு போதும். சின்னதா இருந்தாலும் போதும்."

மதினி மீதிக் காயை நறுக்கிச் சட்டியில் போட்டுவிட்டு, வழக்கமான மூன்றரை பஸ்ஸை விட்டுவிட்டு ஒன்றரை பஸ்ஸிலேயே போய்விட்டார். பிப்ரவரி 2 ஞாயிறு வரவில்லை. பாக்கியம் மூன்று பேருக்குச் சோறு வடித்திருந்தாள்.

3

நாங்கள் பார்த்த குடியிருப்பு அம்பிட்டியவிலேயே, வீதியோரமாக, மலைச்சரிவில் நின்றது. விற்பனைக்காரர் இளைஞர், கழுத்துப்பட்டி கட்டியவர், பேசும் மொழியை நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுபவர். வர்ணத் தாளை விரித்தார். வீதி மட்டத்து வீடு 'தரைத்தளம்'. அதற்கு மேல் ஒன்று, இரண்டு என்று எட்டு வரை.

"நீங்க இந்தியா தானே சேர்? வெளிநாட்டு ஆக்களுக்கு நாலுக்கு மேலதான். நாலாவது வித்துப்போச்சு. அஞ்சாவதுல ஒன்டு இருக்கு. வியூ சுப்பர். லிஃப்ட் ரெண்டு."

தரைத்தளத்தில் வீதியைப் பார்த்த ஒரு வீடும் காலியாக இருந்தது. வாகன இரைச்சல் என்று யாரும் எடுக்கவில்லையாம். அதன் கதவுக்கும் நடைபாதைக்கும் இடையில் ஒரு படிகூட இல்லை. பாக்கியம் அதன் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். சட்டம் விடாது என்றேன். எனக்குச் சட்டம் தெரியும், மாடியை எண்ணவும் தெரியும் என்பது என் எண்ணம்.

ஐந்தாம் மாடியைக் காட்ட அவளை இரண்டாம் தடவை கூட்டிப்போன நாள் பிப்ரவரி 9, ஞாயிறு. மதினி அன்றும் வரவில்லை. பதினொரு மணியளவில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோனது. காரணம் ஒரு குரங்கு என்று பிற்பாடு செய்தியில் சொன்னார்கள். லிஃப்ட் இரண்டும் கதவை மூடிக்கொண்டு நின்றன. காத்திருப்போம் என்றேன்.

"இல்லங்க. இப்பவே ஏறிப் பாத்துடுவோம். நாளைக்கும் இதானே?"

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். முதல் மாடிக்கு நான்கு நிமிடம். இரண்டாம் மாடிக்குப் பாதி வழியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முழங்காலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, சிரிக்கப் பார்த்தாள்.

"இந்தப் படியிலேயே ஒரு வீடு இருந்தாச் சொல்லுங்க, வாங்கிடலாம்."

கூடவே ஏறி வந்த விற்பனைக்காரர் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். நான் அவள் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். பொது இடத்தில் அவள் அப்படிச் செய்வதில்லை. "விட்ருவோமா?" என்று நான் கேட்டேன். முழங்காலை நீவிக்கொண்டே, "கோவில்பட்டிக்கே போயிருவோம்ங்க," என்றாள். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

4

எங்கள் ஒரே மகள் கயல் பெங்களூரில் இருக்கிறாள். ஆறு வயதில் கண்டிக்கு வந்து இங்கேயே படித்தவள். புதன்கிழமைகளில் பேசுவாள். "அம்மாவுக்கு ஏலாது தானே, என்னத்துக்கு மாடி?" என்று கேட்டவள், உடனே தன்னைத் திருத்திக்கொண்டு "முடியாதுல்ல" என்றாள். அங்கே 'ஏலாது' என்றால் கூட வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்களாம். அவள் பேச்சிலிருந்து உதிரும் கண்டிச் சொற்களை நான் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதி வருகிறேன். கதிரை, கெதியா (சீக்கிரமா), மரக்கறி... பட்டியல் நீளமாகிக்கொண்டிருக்கிறது. எழுதி என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

"ஊருக்கு வந்துடுங்கப்பா. அங்க உங்க இடம் சும்மாதானே கிடக்கு?" என்றாள்.

அந்த இடத்தைப் பற்றித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். கோவில்பட்டியில் என் பங்குக்கு வந்த மனை. வயதான காலத்துக்கு என்று வைத்திருந்தது. இங்கே இருபத்திரண்டு ஆண்டுகளாக வாங்கிய சம்பளம் இந்நாட்டுப் பணம், அதனால் இந்த வாங்குதலுக்கு அது செல்லாது. வெளியிலிருந்து பணம் வரவேண்டுமானால் அந்த மனையை விற்க வேண்டும். பாக்கியம் படியில் உட்கார்ந்த அன்று மாலையே தம்பிக்கு போன் செய்து, அதை அவனே எடுத்துக்கொள்கிறானா என்று கேட்டிருந்தேன். வீடு எது என்று தெரிவதற்கு முன்பே! அவன், "சரிண்ணே. ஆனா இனிமே நீ ஊருக்கு வந்தா எங்க வீட்டு விருந்தாளிதான், பாத்துக்க," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன்.

5

பிப்ரவரி 16, ஞாயிறு, எட்டே முக்கால். வாசலில் மரக்கறிப் பை. அதற்குப் பின்னால் மதினி.

"என்னடி பாக்குற? பஸ்ஸு கெடைக்கல ரெண்டு வாரமா."

"நாவலப்பிட்டியில பஸ்ஸு இல்லயாக்கும்."

"இருந்துச்சு. நான்தான் ஏறல. போதுமா?" பையைத் தூக்கி என் கையில் கொடுத்தார். "தம்பி, எங்க அந்த வீடு? காட்டுங்க. எம் பேரு வேணாம்னு சொன்னவ எந்த மாளிகைய வாங்கப்போறான்னு நானும் பாக்குறேன்."

வாங்கவில்லை, விட்டுவிட்டோம் என்றோம். கேட்கவில்லை. மூவரும் நடந்தோம். குடியிருப்பின் வாசலில் பாக்கியம் ஒரு திட்டில் உட்கார்ந்துகொள்ள, நான் மதினிக்கு வர்ணத் தாளை விரித்து விளக்க ஆரம்பித்தேன். மதினி அதைப் பார்க்கவே இல்லை. கட்டடத்தின் ஓரமாகப் போன ஒற்றையடிப் பாதையில் சரிவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்.

"மதினி, வாசல் இந்தப் பக்கம்!"

"வாசல யாரு பாக்குறது? மலையில வீட்டக் கீழ இருந்துதான் பாக்கணும். மழைத்தண்ணி எங்கிட்டுப் போகுது, மண்ணு சரியுமா, மதிலு வெடிச்சிருக்கா... வாங்க தம்பி, புடிச்சு வாங்க."

மூன்று முறை அந்தக் கட்டடத்துக்குப் போயிருக்கிறேன். ஒரு முறைகூடக் கீழே இறங்கவில்லை. கரிசல் காட்டில் வளர்ந்தவனுக்கு வீடு என்றால் தரையிலிருந்து மேலே போவது. தரைக்குக் கீழே வீட்டுக்கு மிச்சம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. புல்லைப் பிடித்துச் சறுக்கி இறங்கி, ஓடைக்கரையில் மதினிக்குப் பக்கத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். வீதியிலிருந்து தெரியாத இன்னொரு கட்டடம் அங்கே இருந்தது. வாகனம் நிறுத்தும் இரண்டு தட்டுகள், அதற்கு மேல் துணி காயும் பால்கனிகளோடு இரண்டு தட்டுகள், அவற்றுக்கும் மேலேதான் வீதி.

மதினி தாங்குசுவரைத் தட்டிப் பார்த்தார். வடிகாலில் குச்சியை விட்டுக் கிளறினார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு விரலை நீட்டி எண்ணினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அந்த ரோட்டு வீடு அஞ்சாவதுல இருக்கு. நல்ல உசரம். தண்ணி ஏறாது." பிறகு என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, நாலாவதுக்கு மேலன்னுதானே சொன்னீங்க?"

நான் மறுபடி எண்ணினேன். கீழ்த்தட்டைத் தரைத்தளம் என்று கழித்தாலும் வீதி வீடு சரியாக நான்கு. ஒரு தட்டு குறைந்திருந்தால் இல்லை. மேலே இருந்து பாக்கியத்தின் குரல் கேட்டது. "ரெண்டு பேரும் அங்க என்ன பண்றீங்க? விழுந்து வச்சுறாதீங்க!"

"உம் புருசனுக்கு எண்ணச் சொல்லிக் குடுக்குறேன்டி!" என்று மதினி கத்தினார்.

6

கீழிருந்து எண்ணுவது நமக்குப் போதும், பதிவுக்குப் போதாது. மார்ச் 3, திங்கட்கிழமை, ஹாஜியார் எங்களைத் தனக்குத் தெரிந்த நொத்தாரிசிடம் கூட்டிப்போனார். கம்பளைக்காரர், கண்டியில் அலுவலகம். நம் ஊரில் பத்திரம் என்பதை இங்கே உறுதி என்பார்கள். அதை எழுதிச் சான்றளிப்பவர் நொத்தாரிசு. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"விக்கிறவன் தாளில தரைத்தளமெண்டு போட்டீக்கான். நீங்க நாலெண்டு சொல்றீங்க. சட்டத்துல எங்க ஈந்து எண்ணோணும் எண்டு இல்ல. அனுமதிச்ச வரைபடத்துல என்ன ஈக்கெண்டு பாப்போம்."

வரைபடம் வரப் பதினாறு நாளாயிற்று. மிகக் கீழ்த்தட்டு 'தரை', அதிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. வீதி மட்டத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் 'நான்காம் மாடி'. நான் மேசையைத் தட்டினேன். நொத்தாரிசு தட்டவில்லை. "இது போதுமெண்டு நான் நினைக்கிறேன். பதிவு செய்றவங்களும் நினைக்கோணுமே. எழுத்துல கேப்போம். அதுக்குள்ள காசு அனுப்பிப் போடாதீங்க."

இரண்டு அலுவலகங்களுக்குக் கடிதம் போனது. ஒன்றில் கோப்பு வேறு மேசைக்குப் போயிருந்தது. இன்னொன்றில் கேள்வியைச் சிங்களத்திலும் தரச் சொன்னார்கள். நான் ஐந்து தடவை போனேன். அந்த மாதங்களில் பாக்கியம் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மாலை நடைக்கு எப்போதும் போகும் வழியை மாற்றிக்கொண்டாள். அந்த வீதி வாசலைக் கடக்கும்போது நடை கொஞ்சம் தாமதமாகும். முழங்கால் வலியா என்று கேட்டால், ஆமாம் என்பாள்.

ஜூன் 5, வியாழன். கடிதத்தில் மூன்றே வரிகள். வரைபடத்திலுள்ள மாடி எண்ணையே ஏற்பதாக எழுதியிருந்தார்கள். நான் வாசித்துக் காட்டினேன். "திருப்பி வாசிங்க," என்றாள். மூன்றாவது முறை வாசித்தபோது அவள் அடுப்பங்கரையில் இருந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, எதையும் கழுவாமல் நின்றாள்.

7

ஜூலை 18, வெள்ளிக்கிழமை. ஹாஜியார் ஜும்ஆத் தொழுகைக்குப் போக வேண்டும் என்பதால் காலை ஒன்பதரைக்கே கூடிவிட்டோம். தம்பி மனைக்குக் கொடுத்த பணம் அதற்கு முன்பே கோவில்பட்டியிலிருந்து வந்து சேர்ந்திருந்தது. வாங்குபவர் பெயர் பாக்கியம் ஒன்றுதான். கூட என் பெயரையும் சேர்க்கலாமே என்று நொத்தாரிசு கேட்டார். வேண்டாம் என்றேன். பாக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் உறுதியை வாசித்து, ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொன்னார். பழனியாண்டி மகள் பாக்கியம். இந்தியப் பிரஜை. பிறந்த இடம் நாவலப்பிட்டி. அந்த இரண்டும் அடுத்தடுத்து வந்தபோது மதினி தொண்டையைச் செருமினார்.

சாட்சிகள் இருவர்: ஹாஜியாரும் மதினியும். கையெழுத்தோடு எல்லாரும் பெருவிரல் அடையாளமும் வைக்க வேண்டும் என்று மைப்பெட்டியை நகர்த்தினார் நொத்தாரிசு.

"கையெழுத்தும் போட்டுக் கைநாட்டுமா? ஒண்ணு பொய்யின்னா இன்னொண்ணு பேசுமாக்கும்," என்றார் மதினி.

"கள்ள உறுதி கூடிப்போச்சும்மா, அதுக்குத்தான்." நொத்தாரிசு சிரித்துவிட்டு ஹாஜியாரைப் பார்த்தார். "சாட்சிக்காரர் ஆளை அறிஞ்சீக்கோணும். இவங்கள ஒங்களுக்கு எவ்வளவு காலமாத் தெரியும்?"

"பதினொரு வருஷம். எண்ட ஊட்டுலதான் ஈந்த. நல்ல மனிசர்."

"நீங்கம்மா? இவங்களத் தெரியுமா?"

"என்னங்க கேள்வி இது? எந் தங்கச்சி."

"கேக்கத்தான் வேணும். எவ்வளவு காலமா?"

மதினி உடனே பதில் சொல்வார் என்று நினைத்தேன். அவர் விரல்களை மடக்கினார். "பொறந்தப்பத் தொட்டிலு ஆட்டுனது நான்தான். ஒன்பது வயசு வரைக்கும் தெரியும். அப்புறம் முப்பத்தோரு வருசம் தெரியாது."

"தெரியாதெண்டா?"

"தெரியாதுங்க. உசரமா வளந்தாளா, கட்டையா வளந்தாளான்னு தெரியாது. வயசுக்கு வந்தது தெரியாது. கல்யாணம் கடுதாசியில தெரியும், அதுவும் முடிஞ்சப்புறம். புள்ள பொறந்தது ஏழு மாசம் கழிச்சுத் தெரியும். இங்க வந்து இந்த இருபத்திரண்டு வருசமாத்தான் திரும்பத் தெரியும்." மடக்கிய விரல்களோடு நிமிர்ந்தார். "அந்த முப்பத்தொண்ணக் கழிச்சுட்டுச் சொல்லணுமா, சேத்துச் சொல்லணுமா?"

நொத்தாரிசு பேனாவைக் கீழே வைத்தார். ஹாஜியார் சன்னலைப் பார்த்தார். தேதிகள் எல்லாம் என்னிடம் இருந்தன. ஆனால் அந்தக் கணக்கில் நான் பேச இடமில்லை.

பாக்கியம் அக்காவின் மடங்கிய விரல்களைப் பிடித்து, ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள்.

"சேத்தே சொல்லுக்கா."

"அறுபத்திரண்டு வருசங்க," என்றார் மதினி.

நொத்தாரிசு தாளைப் பாக்கியத்தின் பக்கம் திருப்பி வைத்தார். அவள் கதிரையை மேசைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டு, தன் பெயரை, வழக்கமான கிறுக்கலாக இல்லாமல், ஒவ்வொரு எழுத்தும் தெரியும்படி எழுதினாள்.